வெளிநாட்டு ஆட்டக்காரர் (தற்காலிகம்)

ஜலஜா வேலைக்குச் சேர்ந்த அன்று அவளிடம் கொடுத்த அடையாள அட்டையில், புகைப்படத்துக்குக் கீழே, 'வெளிநாட்டு ஆட்டக்காரர் (தற்காலிகம்)' என்று அச்சிட்டிருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். வரவேற்பறையில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு? நீங்க ஜப்பான்" என்றாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. திருப்பதிக்கு அப்பால் எந்த ஊரையும் பார்த்ததில்லை. பதினாறு வருடம் ஒரு துணிக்கடையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, யார் யாரையோ யார் யாருக்கோ இணைத்துக்கொண்டிருந்தவள். கடைக்காரர்கள் தானியங்கிப் போர்டு வாங்கியதும் ஓர் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பேப்பரில் வந்த விளம்பரம் இது: 'விரல் வேகமுள்ள பெண்கள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. ரகசியம் காக்கத் தெரிய வேண்டும்.' வீட்டில் அவள் கணவன் கனகராஜ் விளம்பரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னான்.

நேர்முகத் தேர்வில் நிர்வாக இயக்குநர் பரத்வாஜே கேள்வி கேட்டார்.

"ஜப்பானைப் பத்தி என்ன நினைக்கறேள்?"

"நல்லவங்கதான் சார்."

"சொந்தக்காரா யாராவது அங்கே இருக்காளா?"

"இல்ல சார்."

"அப்போ பிரச்சினையே இல்லை" என்று குறித்துக்கொண்டார்.

தியாகராய நகரில் ஒரு நகைக்கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது ஜயகேது டெலிகேம்ஸ். டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி. பெட்டியின் பெயர் ஜயகேது-64. வெளிநாட்டுப் பெட்டிகளில் இந்த மாதிரி எண் உள்ளே இருக்கும் சில்லின் திறனைக் குறிக்கும். ஜயகேதுவின் சில்லுக்கு அந்தத் திறன் கிடையாது. அறிமுக விழாவில் ஒரு நிருபர் எழுந்து இதைக் கேட்டபோது, "அறுபத்து நான்கு என்பது கலைகளின் எண்ணிக்கை" என்று பரத்வாஜ் பதில் சொன்னார். நிருபர் அதை எழுதிக்கொண்டார்.

அது 1999, கிரிக்கெட் உலகக் கோப்பை வருடம். எதிர்வாடையில் இருந்த சிங்காரா விஷன் என்ற போட்டிக் கம்பெனி கிரிக்கெட் ஆட்டத்துக்கான பிரத்யேக உரிமையை வாங்கிவிட்டது. கிரிக்கெட் இனி சிங்காரா பெட்டியில் மட்டும்தான். இந்தச் செய்தி வந்த அன்று பரத்வாஜ் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"கிரிக்கெட் போயிடுத்தேன்னு யாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கக் கூடாது. எல்லாரும் ஆசைப்படற ஆட்டத்துல ஜெயிக்கறது சாமர்த்தியம். யாருமே ஆசைப்படாத ஆட்டத்துல முதல்ல நிக்கறதுதான் தலைமை. அந்த ஆட்டம் எதுன்னு கண்டுபிடிங்கோ."

கண்டுபிடித்தார்கள். ஹாக்கிச் சங்கம் கோர்ட்டில் இருந்தது. கேரம் ஆட்டத்தில் வியர்வை இல்லை என்று விளம்பரத் துறை சொன்னது. கடைசியில் அகில மண்டலக் கபடிப் பேரவையின் செயலாளர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், கபடிக்கான மின்னணு உரிமையைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவரிடம் அப்படி ஓர் உரிமை இருந்ததா என்பதை யாரும் கேட்கவில்லை. அவருக்கே அது அன்றுதான் தெரிந்தது.

உரிமை கிடைத்த வேகத்தில் கம்பெனி வக்கீல், நங்கநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். தங்கள் மைதானத்தில் மாணவர்கள் அனுமதியின்றிக் கபடி ஆடுவதாக அறிகிறோம், பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தேவை. அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் கம்பெனியின் நோக்கம் தெரியாமல் பயந்துபோய், பையன்களைக் கோ-கோவுக்கு மாற்றிவிட்டதாகவும், அதற்கும் ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கும்படியும் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

ஆட்டம் எளிமையானது. பாடிப் போகிறவர் 'மூச்சு' என்ற பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே எதிர்ப்பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பொத்தானிலிருந்து விரல் எடுத்தால் மூச்சுப் போய்விடும், ஆள் அவுட்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிங்காராக்காரர்கள் இன்டர்நெட் என்று ஒரு வார்த்தையை விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். உடனே பரத்வாஜ் பத்திரிகையாளர்களை அழைத்து, மார்ச் முதல் தேதியிலிருந்து ஜயகேது வாடிக்கையாளர்கள் வீட்டு டெலிபோன் வழியாக உலகம் முழுவதுடனும் கபடி ஆடலாம் என்று அறிவித்தார். தொழில்நுட்பத் தலைவர் ஷஃபியுல்லா அந்த அறிவிப்பை மறுநாள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

"சார், லைன் ரொம்ப மெதுவா இருக்கு" என்று அவர் போய்ச் சொன்னார். "இங்கேருந்து நம்ம ஆளு எடுத்து வைக்கிற கால் ஜப்பானுக்குப் போய்ச் சேர எட்டு செகண்ட் ஆகுது. நடுவுல லைன் கட்டாயிடுச்சுன்னா மூச்சும் போயிடுது. நேத்து டெஸ்ட் பண்ணோம். ஒரே மணி நேரத்துல நாப்பது பேர் அவுட்டு சார்."

"எதையும் நெகட்டிவாப் பார்க்கப்படாது."

"இன்னொண்ணு சார். ஜப்பான்ல நம்ம பெட்டி யார்கிட்டயும் இல்ல."

பரத்வாஜ் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிரே சிங்காராவின் பேனர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "ஜப்பான் கிட்டக்க இருந்தா லைன் நன்னா வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"லோக்கல்னா பிரமாதமா வேலை செய்யும்."

"அப்போ ஜப்பானைக் கிட்டக்க கொண்டு வந்துடலாம்."

இரண்டாம் மாடியில் ஓர் அறையை ஒழித்து எட்டு டெலிபோன், எட்டு டிவி, எட்டுப் பெட்டி, எட்டு நாற்காலி போட்டார்கள். கதவில் 'உலகம்' என்று எழுதியிருந்தது. காலணிகளை வெளியே விட வேண்டும். வாஸ்து பார்த்து ஜப்பானை ஈசான்ய மூலையில் வைத்தார்கள். அதன் பக்கத்தில் ஆஸ்திரேலியா. வாடிக்கையாளர் எண்ணைச் சுழற்றினால் இந்த எட்டில் ஒரு டெலிபோன் அடிக்கும், எதிராளி ஆடத் தயாராகிவிடுவார்.

ஒரு சிக்கல் வந்தது. ஆட்டம் நன்றாக ஓடியது. மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஜப்பானிலிருந்து பதில் உடனுக்குடன் வந்ததால் சில வாடிக்கையாளர்கள் சந்தேகப்பட்டார்கள். "கடல் தாண்டி வர்ற சமாசாரம், கொஞ்சம் நாழியாக வேண்டாமா?" என்று பரத்வாஜ் கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் இரண்டு செகண்ட் தாமதிக்க வேண்டும் என்று உத்தரவு. ஜலஜா மனதுக்குள் இரண்டு தடவை முருகா என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

அவள் பெயர் டனாகா, ஊர் யோகோஹாமா. வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் கையெழுத்து. திரையில் வாடிக்கையாளர் ஏதாவது தட்டச்சு செய்து அனுப்பினால், பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையிலிருக்கும் பதினோரு ஆங்கில வாக்கியங்களில் ஒன்றைத்தான் பதிலாக அனுப்பலாம். 'நன்றி. நன்றாக ஆடினீர்கள்.' 'ஜயகேது ஒரு நல்ல பெட்டி.' 'ஜப்பானில் குளிராக இருக்கிறது.' இப்படி. ஏப்ரலில் அவளுக்குக் காய்ச்சல் வந்து விடுப்புக் கேட்டபோது, ஆஸ்திரேலியா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஜப்பான் லீவு எடுக்கலாம் என்றார்கள். வீட்டில் கேட்டவர்களிடம் ஆபரேட்டர் வேலை என்று சொல்லிவைத்தாள். அது பொய்யில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

முதல் இரண்டு மாதம் யார் யாரோ வந்தார்கள், ஆடினார்கள், அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் வந்தவர் ஒருவர்தான். திரையில் அவர் பெயர் 'சேட்டு, அடையாறு'. தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் வருவார்.

முதல் நாள் ஜலஜாவைப் பத்தே நிமிடத்தில் சுருட்டிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவருடைய ஆங்கிலம் இப்படியிருந்தது: 'டனாக்கா சார். லெக் நோ கேட்ச். வெயிஸ்ட் கேட்ச். லெக் கேட்ச் மேன் ரன்.'

காலைப் பிடிக்காதே, ஓடிவிடுவான், இடுப்பைப் பிடி என்று அர்த்தம். அவள் அட்டையைப் பார்த்து, 'ஜப்பானில் குளிராக இருக்கிறது' என்று அனுப்பினாள்.

மறுநாள் இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். நின்றது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஓரத்து ஆள் முந்தக் கூடாது, காத்திருக்க வேண்டும். பாடி வருகிறவனின் காலைப் பார்க்காதே, தோளைப் பார். எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று தோள் முதலில் சொல்லிவிடும். இதையெல்லாம் அவர் உடைந்த ஆங்கிலத்தில் பொறுமையாக அடித்து அனுப்பினார். ஒரு நாள் தன்னைப் பற்றியும் எழுதினார். துறைமுக டீமில் ஏழு வருடம் ஆடியவராம். 'ஒன் டே லாரி கம். லெஃப்ட் லெக் ஃபினிஷ். நவ் ஐ சிட் டெலிபோன் பூத்.'

ஜலஜா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அதில் இதற்கு வாக்கியம் இல்லை. கண்காணிப்பாளர் காபி குடிக்கப் போயிருந்தார். அவள் தானாகவே அடித்தாள்: 'பெய்ன்?'

கண்காணிப்பாளர் வருகிறாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டாள். பதில் வந்தது: 'ரெய்ன் டைம் பெய்ன். ப்ளே டைம் நோ பெய்ன். தேங்க் யூ சார்.'

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவரை அவள் ஜெயித்தாள். விட்டுக்கொடுக்காமல் ஆடியவரைத் தோளைப் பார்த்துக் காத்திருந்து, நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது இடுப்போடு நிறுத்திவிட்டாள். 'டனாக்கா சார் சூப்பர் சார்' என்று அவர் எழுதியபோது அவளுக்குக் கண் கலங்கியது. பதினாறு வருடம் போர்டில் உட்கார்ந்து லட்சம் பேரை இணைத்திருப்பாள். ஒருத்தர்கூட இந்த மாதிரி சொன்னதில்லை. மாம்பலத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, அவர் சொன்னது தனக்கில்லை, டனாகாவுக்கு என்று ஞாபகம் வந்தது. அன்று வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இந்த ஒரு வாடிக்கையாளர் விஷயம் பரத்வாஜின் காதுக்குப் போயிற்று. விளம்பரத் துறையை அடையாறுக்கு அனுப்பிப் புகைப்படம் எடுத்துவரச் சொன்னார். படம் 'உலகம்' அறைக்கு வந்தபோதுதான் ஜலஜா அவரைப் பார்த்தாள். டிவியும் ஜயகேது பெட்டியும் வைத்த மஞ்சள் பூத்துக்கு முன்னால் மூன்று சக்கர வண்டியில் நாற்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத புதுச் சட்டை. பக்கத்தில் தோளில் கை வைத்து மனைவி. பூத் மேலே ஒரு பலகை: 'ஜப்பானோடு தினசரி கபடி ஆடும் சேட்டு.' பின்னால் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்த ஜனம், முப்பது பேராவது, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"எவ்வளவு நன்னாச் சிரிக்கறா பாருங்கோ" என்றார் பரத்வாஜ். "இதான் வாடிக்கையாளர் திருப்தி."

ஜலஜா படத்தைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

ஆகஸ்டில், தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, 'இந்திய–ஜப்பானிய நல்லுறவுக் கபடி இறுதிப் போட்டி' நடத்துவதென்று முடிவாயிற்று. மேடையில் சேட்டு, பெரிய திரையில் ஆட்டம், எதிரே யோகோஹாமாவிலிருந்து நேரடியாக டனாகா. யோகோஹாமாவை மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் அமைத்தார்கள். ஒரு நிலைக்கண்ணாடி, உதிர்ந்த பூ, மறந்து விட்டுப்போன சாந்துப்பொட்டு பாட்டில் எல்லாம் அங்கே இருந்தன. ஷஃபியுல்லா சுவரில் ஓட்டை போட்டு ஒயரைக் கொண்டுவந்தார். முழு நேரமும் தலையைக் குனிந்தபடியே வேலை செய்தார்.

"சார், இது வேணாம்னு நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று ஜலஜா மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னேம்மா. நெகட்டிவாப் பார்க்காதேன்னார்" என்றார் அவர்.

போட்டிக்கு அரை மணி முன்னால் பரத்வாஜ் பட்டு வேஷ்டியோடு அறைக்குள் வந்தார். "ஜலஜா, இன்னிக்கு ஜப்பான் தோக்கணும். நாடு இருக்கற நிலைமையில இந்தியா தோத்தா பேப்பர்ல நம்மளக் கிழிச்சுடுவா. ரொம்ப சுலபமாவும் தோக்கப்படாது. ஒரு மரியாதையாத் தோக்கணும்."

"அவருக்குத் தெரிஞ்சிடும் சார்."

"அவனுக்கு எப்படித் தெரியும்? நடுவுல சுவர் இருக்கே."

மேடைக்குப் போய் அவர் ஆற்றிய உரை சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. "எங்கள் நிறுவனத்தில் ஒளிவு மறைவு கிடையாது. நாங்கள் சொல்வதை மட்டும்தான் மக்கள் நம்புகிறார்கள்; நம்புவதை மட்டும்தான் நாங்கள் சொல்கிறோம். வேறு கம்பெனிகள் உங்களை உலகத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லும். நாங்கள் அப்படியல்ல. நமக்கும் ஜப்பானுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அந்த நாட்டை இங்கே கொண்டுவந்துவிட்டோம்." கைதட்டல். ஜலஜா தன் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கியது. அவள் உத்தரவுப்படி ஆடினாள். சேட்டு பாடி வந்தபோது காலைப் பிடித்தாள். ஓடிவிட்டார். அடுத்த முறையும் காலைப் பிடித்தாள். நான்கு புள்ளி, ஐந்து, ஆறு. ஜனம் கத்தியது. பிறகு திரையில் சேட்டின் ஆள் நடுக்கோட்டில் அப்படியே நின்றுவிட்டான்.

மண்டபம் அடங்கியது. ஒலிபெருக்கியில் அவர் குரல் முதல் முறையாக ஜலஜாவின் காதில் விழுந்தது. கரகரத்த, கோபமான குரல்.

"டனாக்கா சார், கேக்குதா? இன்னா ஆட்டம் சார் இது? காலப் புடிக்காதன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்! நான் நொண்டின்னு இன்னிக்கித்தான் ஞாபகம் வந்துச்சா உனக்கு? பாவம் பாத்து ஆடுறியா? அப்பிடி ஆடுனா எனக்கு வாணாம் சார். ஒயுங்கா ஆடு, இல்ல நான் எறங்கிப் போய்க்கினே இருப்பேன்."

பரத்வாஜ் அவசரமாக மைக்கை வாங்கி, இந்திய வீரர் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாக ஜனங்களுக்கு விளக்கினார்.

ஜலஜா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி பெட்டியைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் முருகாவை எண்ணவில்லை. தாமதிக்கவும் இல்லை. தோளைப் பார்த்தாள், காத்திருந்தாள், இடுப்பைப் பிடித்தாள். சேட்டும் சும்மா விடவில்லை. இருபது நிமிடம் இரண்டு பேரும் புள்ளிக்குப் புள்ளி ஆடினார்கள். கடைசியில் ஒரு புள்ளியில் ஜப்பான் ஜெயித்துவிட்டது.

மண்டபத்தில் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் வந்தது. கோபம் போயிருந்தது.

"தோத்துட்டேன். பரவால்ல. எங்கியோ கீற ஒரு மன்சன், நம்ம ஆட்டத்த நம்ம கைலயே கத்துக்கினு, நம்மளயே சாச்சுட்டான் பாரு. கால் போனப்புறம் எவனும் எங்கூட நெஜமா மோதனதில்ல. நீ மோதன. கும்புடறேன் சார்."

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. அது நிற்கவேயில்லை. பரத்வாஜ் ஒரு கணம்தான் தடுமாறினார்; அடுத்த கணம், இந்தத் தோல்வியைத் தங்கள் நிறுவனம் நல்லுறவின் பொருட்டு முன்கூட்டியே திட்டமிட்டதாக அறிவித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் ஜலஜா கண்ணாடியில் தன் முகம் தெரியாத இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஜனம் கலையும் வரை வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. வர வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

அக்டோபரில் எதிர்வாடையில் புதுப் பேனர் ஏறியது. சிங்காரா விஷன் 'சடுகுடு' என்ற ஆட்டத்தை வெளியிட்டிருந்தது. அதே கோடு, அதே மூச்சுப் பொத்தான். வக்கீல் ஒப்பந்தத்தைத் தேடியெடுத்துப் படித்தார். கபடி என்ற சொல்லுக்குத்தான் உரிமை இருந்தது, ஆட்டத்துக்கு இல்லை. பேரவையின் செயலாளர் சடுகுடு என்ற சொல்லைத் தனியாக விற்றிருந்தார்.

ஒரு வாரத்தில் இரண்டாம் மாடிக் கதவில் காகிதம் ஒட்டினார்கள்: 'மறு அறிவிப்பு வரும் வரை உலகம் இயங்காது.' எட்டு நாடுகளுக்கும் அனுபவச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஜலஜாவின் சான்றிதழில், அவர் மார்ச் முதல் அக்டோபர் வரை ஜப்பானாகத் திருப்திகரமாகப் பணியாற்றினார் என்று இருந்தது. அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, அந்த மனிதர் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருப்பார் என்று நினைப்பு வந்தது. எட்டு டெலிபோனும் வெட்டப்பட்டிருந்தன. அவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். பதினோராம் நாள் பஸ் பிடித்து அடையாறுக்குப் போனாள்.

மழை விட்டிருந்தது. பூத்தில் வேறு யாரும் இல்லை. சேட்டு மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து இடது தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்டிடியா, லோக்கலா மேடம்?"

"பேசணும்."

"உள்ள போய்ப் பேசுங்க."

"உங்க கிட்டதாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜலஜா வழி நெடுகக் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. "டனாகான்னு யாரும் இல்லைங்க" என்றாள். "நான்தான். தியாகராய நகர்லேர்ந்து ஆடினேன். மண்டபத்துலயும் நான்தான். மேடைக்குப் பின்னால, மணமகள் ரூம்ல இருந்தேன்."

அவர் தொடையைத் தேய்ப்பதை நிறுத்தினார். டெலிபோனுக்குப் பக்கத்தில் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மீட்டர் தெரியும்மா" என்றார் கடைசியில். "நாள் முச்சூடும் இத்தத்தான பாத்துகினு கீறேன். லோக்கல் கால்ல ஜப்பான் எப்பிடிடா வரும்னு எனக்குத் தோணாமயா இருக்கும்? கம்பெனிக்காரன் கைல கேட்டேன். டெக்னாலஜின்னான். செரின்ட்டேன். நம்பணும்னு இருந்துச்சு, நம்பிட்டேன்."

"மன்னிச்சிடுங்க. மனசு கேக்கல. அதான் சொல்லிடலாம்னு..."

"சொல்லிட்ட. ஒனக்கு எறங்கிடுச்சு." அவர் குரல் உயரவில்லை. "வேற யார் கைலனா சொன்னியா?"

"இல்லைங்க."

"சொல்லாத. அன்னிக்கி மேடைக்கு என்னத் தூக்கினு போனது யாரு தெரியுமா? எம் மச்சான். கால் போனப்புறம் எங்கூட்டு வாசப்படி மிதிக்காதவன். இப்ப ஞாயித்துக்கெயம ஆனா வந்து குந்திகினு, ஜப்பான்காரன் இன்னா சொன்னான்னு கேக்கறான். அவன்கைல நான் இன்னா சொல்லுவேன்? ஒரு பொம்பள பக்கத்து ரூம்லேர்ந்து ஆடுச்சுன்னா?"

ஜலஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பத்து நாளாகத் தன் நெஞ்சில் இருந்ததை அவள் இந்த மனிதரின் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவருக்கு அதை வைக்க வேறு இடமில்லை. வராமலேயே இருந்திருக்கலாம். வராமல் இருந்திருந்தாலும் வெட்கம்தான்.

குடத்தோடு அந்தப் பக்கம் வந்த அவர் மனைவி தேவானை நின்றாள். "யாருய்யா இது?"

சேட்டு மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கம்பெனிலேர்ந்து வந்துகீறாங்க. டனாக்கா வேற ஊருக்கு மாத்தலாகிப் பூட்டாராம். நம்மள விசாரிச்சாராம்."

தேவானையின் முகம் மலர்ந்தது. குடத்தைக் கீழே வைத்தாள். "நல்லாக் கீறாரா அவுரு?"

ஜலஜா அவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கார்" என்றாள்.

"கல்யாணம் ஆயிட்ச்சா? கொயந்தைங்க கீதா?"

"ரெண்டு."

"இன்னா பேரு?"

ஜலஜாவுக்கு ஜப்பானியக் குழந்தைப் பெயர் எதுவும் தெரியாது.

"அவங்க பஸ்ஸு புடிக்கணும், வுடு தேவானை" என்றார் சேட்டு.

ஜலஜா நடந்தாள். பத்தடி போவதற்குள், பக்கத்து டீக்கடைப் பெண்ணிடம் தேவானை உரக்கச் சொல்வது கேட்டது: "ரெண்டு கொயந்தயாம்! மூத்தது ஆம்பளப் புள்ளயாத்தான் இருக்கும்னு அப்பவே சொன்னேன், இல்ல?" ஜலஜா தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்தாள்.